பெற்ற வயிற்றுக்கு ஏற்ற சிகிச்சை எது?

விபத்தில் சிதைந்த முகத்தையோ கையையோ பிளாஸ்டிக் சர்ஜரி செய்து சீராக்கினால் அதற்கு ஜிஎஸ்டி கிடையாது. பிறவிக் குறைபாடு, வளர்ச்சிக் குறைபாடு, காயம் ஆகியவற்றுக்குச் செய்தாலும் அப்படியே. 2017ஆம் ஆண்டின் வரிவிலக்கு அறிவிக்கை இந்தப் பட்டியலை எழுத்திலேயே தருகிறது. பிரசவம் அதில் இல்லை. இரண்டு மூன்று பிள்ளைகளைச் சுமந்ததில் நடுவயிற்றுத் தசை விலகி, தோல் தளர்ந்து தொங்கிப்போன ஒரு தாய் அதைச் சரிசெய்துகொள்ளப் போனால், அழகு சிகிச்சை என்ற கணக்கில் 18 சதவீத வரி கட்ட வேண்டிவரும். காப்பீட்டிலும் இதே பார்வைதான். விபத்து, தீக்காயம், புற்றுநோய் இவற்றுக்குப் பிறகான சீரமைப்பையும், உடனடி உடல்நல ஆபத்தை நீக்கும் சிகிச்சையையும் தவிர, மற்ற பிளாஸ்டிக் சர்ஜரிகளை மருத்துவக் காப்பீட்டு பாலிசிகள் ஒதுக்கிவைக்கலாம் என்று ஒழுங்குமுறை ஆணையமே வரையறுத்துக் கொடுத்திருக்கிறது.

விளம்பரங்கள் ‘டம்மி டக்’ என்று அழைக்கும் வயிற்றுச் சீரமைப்பு அறுவைச் சிகிச்சையை நடிகைகளின் விஷயம் என்று நாம் ஒதுக்கிவைத்ததன் விளைவு இது. இதனால் இரண்டு தவறுகள் ஒருசேர நடக்கின்றன. தேவையே இல்லாத சிலர் விளம்பரத்தைப் பார்த்துவிட்டு ஆபரேஷன் தியேட்டர் வரை போய்விடுகிறார்கள். உண்மையில் தேவைப்படுகிறவர்களுக்கோ இப்படி ஒரு சிகிச்சை இருப்பதே தெரிவதில்லை. இந்த இரண்டாவது வகையினரின் பாட்டைப் புரிந்துகொள்ள போடிநாயக்கனூரும் அதற்கு மேற்கே எழும் ஏலமலைச் சரிவுகளும் ஏற்ற இடம்.

ஏலச்செடி உச்சியில் காய்ப்பதில்லை. தட்டையின் அடியில், தரையோடு தரையாக ஓடும் சரத்தில்தான் காய் பிடிக்கிறது. காய் எடுப்பவர் நாள் முழுக்கக் குனிந்தோ குந்தியோ நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். ஒரு சரத்துக் காய்கள் எல்லாம் ஒரே சமயத்தில் முற்றுவதும் இல்லை என்பதால், மாதம் ஒன்று, ஒன்றரை இடைவெளியில் அதே செடிக்குத் திரும்பத் திரும்ப வர வேண்டும். போடி, தேவாரம், கோம்பை, கம்பம் பக்கத்துப் பெண்கள் விடியும் முன்னே ஜீப்பில் ஏறி, போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகள் வழியாகவும் கம்பமெட்டு வழியாகவும் பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை, வண்டன்மேடு வட்டாரத் தோட்டங்களுக்குப் போகிறார்கள். எடுத்த காயைச் சுமந்து சேர்க்க வேண்டும். இருட்டும்போது வீடு திரும்பினால் தண்ணீர்க் குடமும் இடுப்புப் பிள்ளையும் காத்திருக்கும். மலைக்குப் போகாதவர்கள் ஊருக்குள்ளேயே ஏலக்காய் தரம் பிரிக்க உட்காருகிறார்கள். நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலத்துக்கு வந்து சேரும் ஒவ்வொரு மூட்டைக்குப் பின்னாலும் குனிந்து நிமிர்ந்த ஒரு பெண்ணின் இடுப்பு இருக்கிறது.

குனிந்து நிமிரும்போதும் சுமை தூக்கும்போதும் முதுகெலும்பைத் தாங்கிப் பிடிப்பதில் வயிற்றுச் சுவருக்குப் பெரிய பங்கு உண்டு. வயிற்றின் நடுவில் மேலிருந்து கீழாக இரண்டு பட்டைத் தசைகள் ஓடுகின்றன. இரண்டையும் இணைப்பது ஒரு நார்ப்பட்டை. கர்ப்பப்பை வளர வளர அந்தப் பட்டை அகன்று மெலிகிறது, தசைகள் விலகுகின்றன. இது நோயல்ல, இயற்கை. போர்ச்சுகலில் 2015இல் வெளியான ஓர் ஆய்வில், 35ஆவது வாரத்தில் பார்த்த எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இந்த விலகல் இருந்தது. பிரசவத்துக்குப் பிறகு அது எவ்வளவு மூடுகிறது என்பதுதான் கேள்வி.

நார்வேயில் முதல் பிள்ளை பெற்ற 300 பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2016இல் வெளியிட்ட ஆய்வு அதற்கு ஒரு கணக்குத் தருகிறது. பிரசவமாகி ஆறு வாரத்தில் 60 சதவீதம் பேருக்கு விலகல் இருந்தது. ஆறு மாதத்தில் 45 சதவீதம், ஓராண்டில் 33 சதவீதம். அதாவது மூன்றில் ஒருவருக்கு ஓராண்டு கழிந்தும் முழுமையாக மூடவில்லை. வாரத்தில் 20 தடவைக்கு மேல் பளு தூக்குகிற பெண்களுக்கு இந்த வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்காக இருந்தது. ஏலத்தோட்டத்துக்குப் போகிற பெண் 20 தடவையை ஒரே நாளில் தாண்டிவிடுவார். அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது: விலகல் உள்ளவர்களுக்கு இல்லாதவர்களைவிட இடுப்புவலி அதிகம் என்று காணப்படவில்லை. இந்த இரண்டாவது முடிவை விளம்பரம் செய்கிறவர்கள் சொல்வதில்லை. தசை விலகியிருக்கிற ஒவ்வொருவரும் அறுவைக்குப் போக வேண்டியதில்லை என்பதற்கு அதைவிட நல்ல சான்று தேவையில்லை.

நம் ஊர்ப் பேச்சில் இந்தத் தொந்தரவுக்கு வேறு காரணங்கள் சொல்லப்படுகின்றன. ‘பெரிய ஆபரேஷன் பண்ணினதால் வயிறு சரிஞ்சுபோச்சு’ என்பார்கள். ‘முதுகில் ஊசி போட்டதிலிருந்து இடுப்பு போச்சு’ என்பார்கள். தமிழ்நாட்டில் சிசேரியன் மிக அதிகம் என்பது உண்மை. ஐந்தாவது தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இங்கு நடக்கும் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன், தனியார் மருத்துவமனைகளில் 63.8 சதவீதம். நாட்டின் சராசரி 21.5தான். ஆனால் தசையை விலக்குவது கத்தியல்ல, கர்ப்பம். சுகப்பிரசவமான பெண்ணுக்கும் விலகும். சிசேரியன் செய்வது வேறொன்று. அடிவயிற்றுத் தழும்பு உள்ளே ஒட்டிக்கொள்ள, அதற்கு மேலே தோலும் கொழுப்பும் மடிப்பாக வந்து உட்காருகிறது. முதுகு ஊசியால் நிரந்தர இடுப்புவலி வரும் என்பதற்கு ஆய்வுகளில் ஆதாரம் கிடைக்கவில்லை. பழியை ஊசியின்மேல் போட்டுவிட்டு, உண்மையில் தளர்ந்துகிடக்கும் வயிற்றுச் சுவரை யாரும் தொட்டுப் பார்ப்பதில்லை என்பதுதான் இதில் வருத்தம்.

பாட்டிமார் ஒரு வழி வைத்திருந்தார்கள். பச்சை உடம்புக்காரிக்குப் பழைய நூல்சேலையை மடித்து வயிற்றைச் சுற்றிக் கட்டிவிடுவார்கள். ஆபரேஷன் ஆன வயிற்றுக்கு அது இதமான பிடிமானம் தரும், இருமவும் எழுந்து நடக்கவும் தைரியம் தரும். அந்த அளவில் அது நல்ல வழக்கம். கட்டினால் தசை கூடிவிடும் என்பதற்கு மட்டும் ஆதாரம் போதாது. மூச்சுமுட்ட இறுக்கிக் கட்டினால் அழுத்தம் கீழே இறங்கி, ஏற்கெனவே தளர்ந்திருக்கும் கர்ப்பப்பைத் தாங்குதசைக்குச் சுமை கூடக்கூடும். மருந்துக்கடை பெல்ட்டுக்கும் இதே கணக்குதான்.

சிகிச்சையைத் தேர்ந்தெடுக்கும் முன், தன் வயிற்றில் என்ன கெட்டிருக்கிறது என்பதை ஒரு பெண் தெரிந்துகொள்ள வேண்டும். தோல், தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பு, தசை, குடலைச் சுற்றி உள்ளே தேங்கும் கொழுப்பு என நான்கு இடங்களில் எங்கே கோளாறு என்று பார்ப்பதே முதல் வேலை. மல்லாந்து படுத்ததும் வயிறு உள்ளே இறங்கி, தோல் மட்டும் பக்கவாட்டில் வழிந்தால் கோளாறு வெளிப்பக்கம். படுத்த பிறகும் வயிறு மேடாகவே நின்றால் கொழுப்பு உள்ளே இருக்கிறது. உள்கொழுப்பை எந்த டம்மி டக்கும் எடுக்காது, எந்த லிப்போசக்‌ஷன் குழாயும் அங்கே போகாது. உணவும் உடலுழைப்பும் மருத்துவ ஆலோசனையும்தான் அதற்கு வழி. தமிழ்நாட்டுப் பெண்களில் பத்தில் நான்கு பேர் கூடுதல் எடை உள்ளவர்கள் என்று குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்வதால், அறுவைக்கு ஆசைப்படுகிறவர்களில் கணிசமானோருக்கு இந்தப் பதில்தான் பொருந்தும். அதை முதல் சந்திப்பிலேயே சொல்கிற மருத்துவர் நல்ல மருத்துவர்.

தசையைப் பார்ப்பதும் எளிது. முழங்காலை மடக்கி மல்லாந்து படுத்து, தலையை மட்டும் லேசாகத் தூக்க வேண்டும். தொப்புளுக்கு மேலும் கீழும் நடுக்கோட்டில் விரல்களை வைத்து அழுத்தினால், இரண்டு தசைகளின் விளிம்புகளும் கைக்குத் தட்டுப்படும். இடையில் இரண்டு விரலுக்கு மேல் இறங்கினாலோ, நடுவில் கூம்புபோல் ஒரு மேடு எழுந்தாலோ விலகல் இருக்கிறது என்று கொள்ளலாம். இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் அது விலகல் என்பது ஐரோப்பியக் குடலிறக்க மருத்துவர் சங்கம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டுதலின் வரையறை. அல்ட்ராசவுண்டில் இதைத் துல்லியமாக அளக்கலாம். தொப்புளில் ஒரு கட்டி துருத்தி, படுத்தால் மறைந்து, இருமினால் வெளிவந்தால் அது குடலிறக்கம். அதைத் தள்ளிப்போடக் கூடாது.

விலகல் இருந்தால் முதலில் கத்தியல்ல, பயிற்சி. மூச்சை வெளியே விட்டபடி அடிவயிற்றின் ஆழ்தசையை உள்ளிழுக்கப் பழக்கும் பயிற்சியை ஒரு பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்து, சில மாதங்கள் தொடர்ந்து செய்ய வேண்டும். வீடியோ பார்த்து ஆரம்பத்திலேயே வேகவேகமாகப் படுத்து எழும் பயிற்சி செய்தால், நடுவயிற்றில் கூம்பு எழுந்து நிலைமை மோசமாகலாம். பலருக்குப் பயிற்சியிலேயே வேலை செய்யும் அளவுக்கு வலு திரும்பிவிடும். இடைவெளி முழுதாக மூடாவிட்டாலும் வலு திரும்பினால் போதும்.

அதற்குப் பிறகும் தீராதவர்களுக்குத்தான் எந்த அறுவை என்ற கேள்வி எழுகிறது. இந்த அறுவை புதிதுமல்ல. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் 1899இலேயே தொங்கும் வயிற்றை வெட்டிச் சீராக்கிய அறுவையைப் பதிவுசெய்த ஹோவர்டு கெல்லி ஒரு மகப்பேறு, மகளிர்நோய் மருத்துவர். பிள்ளை பெற்ற உடம்பைப் பார்த்துப் பழகிய கைகள் அவை. பிரேசிலின் இவோ பிடாங்கி 1967இல் 300 பேருக்குச் செய்த அனுபவத்தை எழுதினார். பணக்காரர்களுக்குச் செய்து உலகப் புகழ்பெற்ற அவர், ரியோ நகரத் தர்ம மருத்துவமனையில் ஏழைகளுக்காகவும் ஒரு பிரிவை நடத்தினார். மலைக்குப் போகிறவளுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் அந்தப் பிரிவை நினைத்துப் பார்க்க வேண்டும்.

இன்று வழக்கில் உள்ளவற்றில் ஒன்று ‘மினி’ டம்மி டக். தொப்புளுக்குக் கீழே மட்டும் தோல் தளர்ந்திருந்தால் இது பொருந்தும். வெட்டு சிசேரியன் தழும்பைவிடச் சற்றே நீளம், தொப்புள் இருந்த இடத்திலேயே இருக்கும், ஓய்வும் குறைவு. ஒரு பிள்ளை பெற்று, உடல் கட்டோடு இருந்து, தழும்புக்கு மேலே ஒரு மடிப்பு மட்டும் உறுத்துகிற பெண்ணுக்கு இது போதும். ஆனால் பிள்ளை பெற்ற பெண்களில் தசை விலகல் பெரும்பாலும் தொப்புளைச் சுற்றியும் அதற்கு மேலும்தான் இருக்கிறது. அப்படிப்பட்டவருக்கு மினி செய்தால் அடிவயிறு தட்டையாகும், மேல்வயிறு முன்போலவே துருத்தி நிற்கும். சின்ன வெட்டு, சின்ன செலவு என்று ஆசை காட்டி இதை எல்லோருக்கும் பரிந்துரைப்பது நியாயமல்ல. பிறகு முழு அறுவையை இன்னொரு முறை செய்ய நேர்ந்தால் செலவும் இரட்டிப்பு, வேதனையும் இரட்டிப்பு.

முழு வயிற்றுச் சீரமைப்பில் வெட்டு ஓர் இடுப்பு எலும்பிலிருந்து மறு இடுப்பு எலும்பு வரை போகும். தோலை விலா எலும்புவரை தூக்கி, விலகிய இரு தசைகளையும் நெஞ்செலும்பின் அடியிலிருந்து அடிவயிறு வரை ஒன்றாகச் சேர்த்துத் தைப்பார்கள். லூசான ஜாக்கெட்டில் தையல்காரர் பிடிப்புத் தையல் போடுவது போன்றதுதான் அது. மிஞ்சிய தோலை வெட்டிவிட்டு, தொப்புளுக்குப் புதிதாக ஒரு திறப்பு வைப்பார்கள். சிசேரியனின் குறுக்குத் தழும்பும், தொப்புளுக்குக் கீழே உள்ள பிரசவக் கோடுகளும் வெட்டிய தோலோடு போய்விடும். மேலே உள்ள கோடுகள் கீழே இறங்கி வரும், மறையாது. இரண்டு மூன்று பிரசவமாகி, தசை, தோல் இரண்டுமே கெட்டுப்போனவருக்குப் பொருத்தமான அறுவை இதுதான். தழும்பு நீளம் என்பதை மறைக்க முடியாது. நம்மவர்களின் தோலில் அது ஓராண்டு வரை கறுத்தும் தடித்தும் தெரியலாம். காதோ மூக்கோ குத்திய இடத்தில் தழும்பு மேடாக வளர்ந்த அனுபவம் இருந்தால் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

தோல் இறுக்கமாக இருந்து கொழுப்பு மட்டும் சேர்ந்திருந்தால் லிப்போசக்‌ஷன் ஒன்றே போதும். தோல் தளர்ந்தவருக்கு அதை மட்டும் செய்தால் உள்ளே காலியாகி, பை இன்னும் தொங்கும். இரண்டையும் இணைத்து, தோலுக்குப் போகும் ரத்தக் குழாய்களைக் காப்பாற்றிக்கொண்டே செய்யும் முறையை பிரேசிலின் ஓஸ்வால்டோ சால்தானா 2001இல் விவரித்தார். இன்று அது பரவலாகச் செய்யப்படுகிறது. எடையை மிக அதிகமாகக் குறைத்ததில் மேலும் கீழும் பக்கமும் தோல் தொங்குகிறவர்களுக்கு, நடுவில் செங்குத்தாகவும் ஒரு வெட்டு தேவைப்படலாம். பிரசவம் மட்டுமே காரணமாக இருப்பவர்களுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டிவருவது அரிது.

தோல் நன்றாக இருந்து தசை மட்டும் விலகியிருப்பவருக்கு நீளமான வெட்டே தேவையில்லை. சிறு துளைகள் வழியாக லேப்ராஸ்கோப்பில் தசையை மடித்துத் தைத்து, வலை வைத்து வலுப்படுத்தும் ஒரு முறையைக் கோயம்புத்தூரின் டாக்டர் சி. பழனிவேலு குழுவினர் 2009இல் சர்வதேசக் குடலிறக்க மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். ஜன்னலில் மாட்டும் வெனிஷியன் திரையின் மடிப்பைப் பார்த்து அதற்குப் பெயரும் வைத்தார்கள். உலகம் படித்த அந்தக் கட்டுரை போடியிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் உள்ள ஊரில் எழுதப்பட்டது. தொப்புள் குடலிறக்கமும் தசை விலகலும் சேர்ந்திருக்கிற பெண்ணுக்கு இது முக்கியமான செய்தி. குடலிறக்கத்தை மட்டும் தைத்துவிட்டு, சுற்றியுள்ள மெலிந்த பட்டையைக் கவனிக்காமல் விட்டால் அது திரும்ப வரும் வாய்ப்பு கூடுகிறது. குடலிறக்கம் அழகுப் பிரச்சினை அல்ல என்பதால், அரசு மருத்துவமனையின் பொது அறுவைப் பிரிவிலேயே இந்தப் பேச்சைத் தொடங்கலாம்.

பழைய தழும்புகளும் முடிவை மாற்றும். வலது விலாவுக்குக் கீழே பித்தப்பைக்குத் திறந்த அறுவை செய்த நீண்ட தழும்பு இருந்தால், அதற்குக் கீழ்ப்பக்கத் தோலுக்கு ரத்தம் போகும் வழி ஏற்கெனவே அறுபட்டிருக்கும். அந்தத் தோலை மறுபடி தூக்கினால் அழுகிப்போகும் ஆபத்து உண்டு. தொப்புளுக்குக் கீழே செங்குத்தாக சிசேரியன் செய்யப்பட்டவருக்கும் திட்டம் வேறாகும். எனவே பழைய டிஸ்சார்ஜ் சீட்டுகளைத் தூக்கிப்போடாமல் எடுத்துப்போவது நல்லது.

ஆபத்துகளைப் பேசாமல் இந்த அறுவையைப் பேசக் கூடாது. தோலுக்கு அடியில் நீர் கோத்துக்கொள்வது அடிக்கடி வரும் தொந்தரவு. அதற்காகத்தான் சில நாட்கள் டிரெயின் குழாய் வைக்கிறார்கள். அடிவயிற்றுத் தோல் மாதக்கணக்கில் மரத்துக்கிடக்கும். பயப்பட வேண்டியது காலின் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போவது. உடலை அழகுபடுத்தச் செய்யப்படும் அறுவைகளில் இந்த ஆபத்து அதிகம் உள்ளவற்றில் வயிற்றுச் சீரமைப்பு முன்வரிசையில் நிற்கிறது. கர்ப்பப்பை அகற்றுவது, மார்பக அறுவை என்று ஒரே மயக்கத்தில் இரண்டு மூன்றைச் சேர்த்தால் அது இன்னும் கூடும். சிசேரியனோடு சேர்த்தே வயிற்றையும் சரிசெய்துவிடுங்கள் என்று கேட்பவர்களும் உண்டு. ரத்தம் எளிதில் உறையும், ரத்தப்போக்கு அதிகமிருக்கும், தோலும் தசையும் இன்னும் சுருங்கி முடியாத அந்த நேரம் அதற்கு ஏற்றதல்ல. தமிழ்நாட்டுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது குடும்பநலக் கணக்கெடுப்பு. ஹீமோகுளோபினைச் சரிசெய்யாமல் இந்த அறுவைக்குத் தேதி குறிப்பது தவறு.

2022 மே மாதம் பெங்களூரில் கன்னடச் சின்னத்திரை நடிகை சேத்தனா ராஜ், 21 வயதில், கொழுப்பு நீக்கும் அறுவைக்குப் பிறகு இறந்துபோனார். அமெரிக்காவில் பாடகர் கான்யே வெஸ்ட்டின் தாய் டோண்டா வெஸ்ட், கொழுப்பு நீக்கமும் மார்பக அறுவையும் ஒன்றாகச் செய்துகொண்டு வீடு திரும்பி, மறுநாளே 2007 நவம்பரில் உயிரிழந்தார். அவருக்கு இதய ரத்தக்குழாய் நோய் இருந்தது பிரேதப் பரிசோதனையில் தெரிந்தது. அதன் பிறகு கலிபோர்னியா மாநிலம் 2009இல் சட்டம் கொண்டுவந்தது: உடல் பரிசோதனை செய்து, தகுதி என்று எழுத்தில் பதிவாகாமல் அழகு அறுவை செய்யக் கூடாது. போடியிலிருந்து போகிற பெண்ணும் இதே தரத்தைக் கேட்டு வாங்க வேண்டும். அறுவை செய்பவர் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்சிஎச் படித்தவரா, மயக்க மருத்துவர் கூடவே இருப்பாரா, அந்தக் கட்டடத்தில் தீவிர சிகிச்சைப் பிரிவு உண்டா, இரவில் மூச்சுத் திணறினால் யார் வருவார்? இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்கிற இடத்தில் படுக்கக் கூடாது. முன்பும் பின்பும் என்று இரண்டு புகைப்படம் காட்டுவது இவற்றுக்குப் பதிலாகாது.

தூரமும் ஒரு மருத்துவ விஷயம். சென்னைக்கு இப்போது போடியிலிருந்தே ரயில் இருக்கிறது, கொச்சிக்குச் சாலை இருக்கிறது. ஆனால் டிரெயின் குழாயை எடுக்க, தையல் பார்க்க, நீர் கோத்தால் ஊசியால் எடுக்க என்று முதல் மாதத்தில் பலமுறை போக வேண்டியிருக்கும். நீண்ட நேரம் காலை மடக்கி உட்கார்ந்த பயணம் ரத்த உறைவுக்கு வழி. மதுரையோ தேனியோ போதும் என்றால் அதுவே நல்லது.

எப்போது செய்வது? பிரசவமாகி குறைந்தது ஆறு மாதம், முடிந்தால் ஓராண்டு போக வேண்டும். தாய்ப்பால் நிறுத்தியிருக்க வேண்டும், எடை சில மாதங்களாக ஒரே நிலையில் இருக்க வேண்டும், இனிப் பிள்ளை வேண்டாம் என்று முடிவாகியிருக்க வேண்டும். பிறகு கர்ப்பமானால் உயிருக்கு ஆபத்து என்பதில்லை, தைத்த தசை மறுபடி விலகும் என்பதுதான் காரணம். தமிழ்நாட்டில் மணமான பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் என்பதால் இந்தக் கடைசி நிபந்தனை பலருக்கு ஏற்கெனவே நிறைவேறியிருக்கிறது. மலைப் பெண்ணுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. அறுவைக்குப் பிறகு முதல் வாரம் கூன் விழுந்தபடிதான் நடக்க முடியும். ஆறு வாரம் பளு தூக்கக் கூடாது. குடம், பிள்ளை, காய் மூட்டை எதுவும் கூடாது. தசை தைத்தவர் நாள் முழுக்கக் குனியும் வேலைக்குத் திரும்ப இரண்டு மூன்று மாதம்கூட ஆகலாம். காயெடுப்பு ஓய்ந்திருக்கும் மார்ச் முதல் மே வரையிலான மாதங்களே இதற்குச் சரியான காலம். ஆடி, ஆவணியில் செய்துகொண்டு, கூலி போகிறதே என்று மூன்றாவது வாரத்தில் ஜீப் ஏறினால் தையல் தாங்காது.

அந்த மூன்று மாதக் கூலிக்கு யார் பொறுப்பு? தனியாரில் லட்சத்தைத் தாண்டும் செலவுக்கு யார் பொறுப்பு? இந்த இடத்தில் தனிப்பெண்ணின் தேர்வு முடிந்து அரசின் கடமை தொடங்குகிறது.

ஆஸ்திரேலியாவின் அனுபவம் இதற்குப் பாடம். பிரசவத்துக்குப் பிந்தைய வயிற்றுச் சீரமைப்பை அந்த நாட்டின் பொதுக் காப்பீடு 2016 ஜனவரியில் பட்டியலிலிருந்து நீக்கியது. மருத்துவர்களும் தாய்மார்களும் விடவில்லை. ஒன்பது அறுவை மருத்துவர்களிடம் சிகிச்சை பெற்ற 214 பெண்களைப் பற்றிய ஓர் ஆய்வு 2018இல் வெளியானது. அறுவைக்குப் பிறகு இடுப்புவலியும் சிறுநீர்க் கசிவும் வெகுவாகக் குறைந்ததாக அது சொன்னது. அறுவை செய்யாதவர்களோடு ஒப்பிடாத ஆய்வு என்ற குறை அதற்கு உண்டு. ஆனாலும் அரசு யோசித்தது. 2022 ஜூலை முதல் நிபந்தனைகளோடு அந்தச் சிகிச்சை பட்டியலுக்குத் திரும்பியது. ஸ்கேனில் அளந்த விலகல் மூன்று சென்டிமீட்டராவது இருக்க வேண்டும், வலியோ சிறுநீர்த் தொந்தரவோ இருக்க வேண்டும், பிசியோதெரபி செய்தும் தீராதிருக்க வேண்டும், கடந்த 12 மாதத்தில் கர்ப்பமாக இருந்திருக்கக் கூடாது, வாழ்நாளில் ஒருமுறைதான். அழகுக்காக வருகிறவரையும் வேதனையால் வருகிறவரையும் அளந்து பிரிக்க முடியும் என்பதற்கு இதுவே சான்று.

தமிழ்நாடு இதைச் செய்வதற்குப் புதிதாக எதையும் கட்ட வேண்டியதில்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், இதே போன்ற நிபந்தனைகளோடு பிரசவத்துக்குப் பிந்தைய தசை விலகலைச் சேர்க்கலாம். க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஸ்கேன் செய்து அளந்து, தேவைப்படுவோரை மதுரை ராஜாஜி மருத்துவமனைக்கு அனுப்பலாம். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம் 18,000 ரூபாய் மதிப்புள்ள உதவி தருகிறது. அறுவை செய்துகொண்டு ஓய்விலிருக்கும் தினக்கூலிப் பெண்ணுக்கும் அதேபோல் ஒரு சிறு தொகையை யோசிக்கலாம். வரி விஷயம் ஜிஎஸ்டி கவுன்சில் கையில் இருக்கிறது. விலக்குப் பட்டியலில் பிரசவத்தையும் சேர்க்கும்படி தமிழ்நாட்டின் பிரதிநிதி அங்கே எழுப்பலாம்.

இவற்றில் சில, காலம் பிடிப்பவை. நாளைக்கே தொடங்கக்கூடியதும் ஒன்று உண்டு. பிரான்சில் பிரசவமான பெண்ணுக்கு இடுப்பு அடித்தளத் தசைக்கான பத்து அமர்வுப் பயிற்சியை அரசுக் காப்பீடே தருகிறது. நம்மிடம் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், பிசியோதெரபிஸ்ட் வீடு தேடி வருகிறார். பக்கவாதம் வந்தவரையும் முதியவரையும் பார்க்கும் அவர் பட்டியலில் பிள்ளை பெற்றவரையும் சேர்க்க வேண்டும். யாரைச் சேர்ப்பது என்று கண்டுபிடிக்கவும் ஒரு நாள் ஏற்கெனவே இருக்கிறது. ஒன்பதாம் மாதத்தில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசிக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தாய் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருகிறார். தானாக மூட வேண்டிய தசை பெரும்பாலும் மூடியிருக்க வேண்டிய நேரம் அது. ஊசி போட்டு முடித்த கிராம சுகாதாரச் செவிலியர் அந்தத் தாயையும் ஒரு நிமிடம் படுக்கச் சொல்லி, தலையைத் தூக்கச் சொல்லி, இரண்டு விரலால் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, தாய்சேய் அட்டையில் ஒரு வரி எழுதினால் போதும். அந்த வரிக்கு அட்டையில் இடம் ஒதுக்க பொது சுகாதாரத் துறையின் ஒரு சுற்றறிக்கை போதுமானது.